அகதிக் குழந்தைகளுக்கு மருத்துவம்: பண்பாட்டின் மேல் பழி போடுமுன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெறத் தொடங்கியிருக்கும் ஒருவர், தம் மருத்துவமனைக்குச் சோமாலியா, பர்மா, காங்கோ, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களும், வேலைக்காகக் குடியேறிய இந்தியக் குடும்பங்களும் நிறைய வருவதாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கங்களையும் கையேடு பார்த்துப் படித்துக்கொண்டால் பண்பாட்டை மதிக்கும் மருத்துவம் செய்துவிட முடியுமா என்பது அவருடைய கேள்வி.

படிப்பதில் தவறில்லை. ஆனால் படித்ததை வைத்துக்கொண்டு எதிரே இருப்பவரைப் பார்க்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் முனகிக்கொண்டிருக்கிறார். அங்கு வந்த லத்தீன் அமெரிக்க மருத்துவர், இவருக்கு வலி அதிகமாக இருப்பதுபோல் தெரிகிறதே என்கிறார். பொறுப்பில் இருந்த செவிலியரோ, பல பண்பாடுகளைச் சேர்ந்த நோயாளிகளைப் பற்றிய பாடம் தமக்குக் கல்லூரியிலேயே நடந்திருக்கிறது என்றும், இந்த மக்கள் வலியை மிகைப்படுத்தித்தான் காட்டுவார்கள் என்றும் சொல்லி அவர் பேச்சைத் தள்ளிவிடுகிறார். பிற பண்பாடுகளைப் படித்துத் தேறிவிடலாம் என்ற பண்பாட்டுத் தேர்ச்சியை அதுவரை பேசிவந்த துறைக்கு, தனக்கு எல்லாம் தெரியாது என்று ஏற்றுத் தொடர்ந்து கேட்டுக் கற்கும் பண்பாட்டுப் பணிவு என்ற கருத்தை அந்தக் கட்டுரை கொண்டுவந்தது.

என் கருத்து இன்னும் சற்றுக் கடுமையானது. ஒரு குடும்பம் மருந்து கொடுக்கவில்லை, தடுப்பூசி போடவில்லை, சொன்ன நாளில் வரவில்லை என்றால் அதற்கு அவர்கள் பண்பாடுதான் காரணம் என்று முடிவுகட்டுவது, மருத்துவமனை தன் குறையை மறைத்துக்கொள்ளும் மிக எளிய வழி. பேருந்து வசதி இல்லாமை, மொழி, பயம், குடியிருக்கும் வீட்டின் நிலை ஆகியவற்றை விசாரித்துவிட்ட பிறகுதான் பண்பாட்டின் பக்கம் வர வேண்டும்.

மினசோட்டா மாநிலத்தில் 2017-இல் பரவிய தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 75 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சோமாலியக் குடும்பத்துக் குழந்தைகள். இசுலாமியர்கள், ஆப்பிரிக்கர்கள், ஆகவே தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் 2004-இல் அதே சமூகத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளில் 92 விழுக்காட்டினர் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டிருந்தார்கள், 2014-இல் அது 42 விழுக்காடாகச் சரிந்தது. பத்தாண்டுகளில் ஒரு மக்களின் மதமோ பண்பாடோ மாறிவிடவில்லை. நடந்தது வேறு. 2008 வாக்கில் மினசோட்டாவின் மினியாப்பொலிஸ் நகரப் பள்ளிகளில், ஆட்டிசம் (பேச்சையும் பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ளவர்களுக்கான சிறப்பு வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் அதிகமாக இருப்பதைப் பெற்றோர்கள் கவனித்து, இது ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அரசும் பல்கலைக்கழகமும் பதில் தேடிக்கொண்டிருந்த காலத்தில், தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பதிலைக் கையில் வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் வெளிவந்து, பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் ஆசிரியரான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே மினியாப்பொலிஸ் வந்து சோமாலியப் பெற்றோரைச் சந்தித்துப் பேசினார். 2013-இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தபோது, அந்நகரில் சோமாலியக் குழந்தைகளிடமும் வெள்ளையர் குழந்தைகளிடமும் ஆட்டிசம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது என்றும், ஆனால் ஆட்டிசம் உள்ள சோமாலியக் குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பது அதிகம் என்றும் தெரிந்தது. அதாவது பெற்றோர்கள் கண்ணால் கண்டது கற்பனை அல்ல. தங்கள் பிள்ளைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்காத எந்த மருத்துவரின் சொல்லும் அங்கே எடுபடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களில் பலர் எல்லாத் தடுப்பூசிகளையும் மறுக்கவில்லை. எம்.எம்.ஆர். ஒன்றை மட்டும், பிள்ளைக்குப் பேச்சு வரட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். தடுப்பூசியில் சேரும் பன்றி ஜெலட்டின் பற்றி வேறிடங்களில் முஸ்லிம் பெற்றோர் சிலர் கேட்பது உண்டு. அதற்கு 1995-இல் குவைத்தில் கூடிய சமய, மருத்துவ அறிஞர்கள் இவ்வகையில் உருமாறிய பொருள் ஆகுமானது என்று தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். மினசோட்டாவில் ஜெலட்டினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தால் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். அவர்களுடைய கேள்வி ஆட்டிசம் பற்றியது. 2017-இல் நோய் பரவியபோது சோமாலி மொழி பேசும் சுகாதாரப் பணியாளர்களும் பள்ளிவாசல் இமாம்களும் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துப் பேசிய பிறகுதான் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துவரத் தொடங்கினார்கள்.

உடலில் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கும் ஈயம் (lead) அடுத்த எடுத்துக்காட்டு. இது எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், குற்றவாளியைத் தேடும்போது நாம் எந்தத் திசையில் முதலில் திரும்புகிறோம் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. 2000-ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், எகிப்து வழியாக வந்து சில வாரங்களே ஆன இரண்டு வயதுச் சூடானியச் சிறுமி காய்ச்சல், வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். தொண்டைத் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பின்னர் அவள் மூளை வீங்கி நினைவிழந்தபோதுதான் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 391 மைக்ரோகிராம் இருந்தது தெரியவந்தது; அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று 3.5 மைக்ரோகிராமை எட்டினாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை. நஞ்சு எங்கிருந்து வந்தது? அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பழைய வாடகை வீட்டின் உரிந்த சாயத்திலிருந்து. வீட்டுச் சாயத்தில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1978-இல்தான் தடை செய்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளில்தான் வாடகை குறைவு, ஆகவே அகதிகளும் அங்கேதான் குடியமர்த்தப்படுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை இன்னும் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் சேர்ந்துகொண்டது. அதே மாநிலத்தில் பிறகு சோதித்தபோது, வந்திறங்கிய நாளில் ஈயம் குறைவாக இருந்த ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலருக்கு, அமெரிக்காவில் சில மாதங்கள் வாழ்ந்த பிறகே அளவு ஏறியிருந்தது. 6 மாதம் முதல் 16 வயது வரையிலான அகதிக் குழந்தைகள் எல்லோருக்கும் வந்தவுடன் ஈயச் சோதனை செய்ய வேண்டும் என்பதோடு, 6 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும் என்று அந்த மையத்தின் வழிகாட்டுதல் இருப்பது இதனால்தான். இரண்டாவது சோதனையை விட்டுவிடுகிற மருத்துவமனைகளே அதிகமோ என்று எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள்களிலும் ஈயம் இருக்கலாம் என்பது உண்மையே. 2009-இல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனில் பர்மிய அகதிக் குழந்தைகளுக்கு ஈயம் ஏறியதற்குச் செரிமானத்துக்காகக் கொடுத்த நாட்டுமருந்து ஒன்று காரணமாக இருந்தது. அகதிகளாக வந்த ஆப்கானியக் குடும்பங்களின் வீடுகளில் ஆராய்ந்த வாஷிங்டன் மாநிலக் கிங் கவுண்டி அதிகாரிகள், அவர்கள் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அலுமினியக் குக்கர்கள் சமையலில் ஈயத்தைக் கசியவிடுவதைக் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்க முடியாது. 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில், நம் ஊர்க் கடைகளில் இண்டாலியம் என்று விற்கும் கலப்பு உலோகப் பாத்திரங்களின் பெயரும் வந்தது. குழந்தையின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் வைக்கும் மையிலும் ஈயம் இருக்கக்கூடும். வீட்டில் விளக்குச் சுடரில் பிடித்த மையும், கடையில் டப்பியில் வாங்கிய மையும் ஒன்றல்ல. ஈயத் தாதுவை அரைத்துச் செய்யும் சுர்மாவே பெரிய ஆபத்து. ஆகவே மை வைக்கிறீர்களா என்று அதட்டிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். திருஷ்டிக்கு என்ன செய்வீர்கள், வயிற்றுக்கு என்ன உரைத்துக் கொடுப்பீர்கள், அந்த டப்பியை அடுத்த முறை எடுத்துவர முடியுமா என்று கேட்டால் டப்பி வந்து சேரும். அதைச் சோதித்துக் காட்டி, பொட்டை உள்ளங்காலிலோ உடுப்பிலோ வைக்கலாமா என்று தாயிடமே கேட்பது, தூக்கி எறியுங்கள் என்று சொல்வதைவிடப் பலன் தரும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஆர்தர் க்ளைன்மனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1978-இல் வகுத்துத் தந்த கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. இந்த நோயை நீங்கள் என்ன என்று சொல்வீர்கள், இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இது உடம்பை என்ன செய்கிறது, எந்த மருத்துவம் செய்தால் நல்லது என்று எண்ணுகிறீர்கள், இதில் உங்களுக்கு மிகப் பெரிய பயம் எது என்ற வகையில் அவை அமைந்தவை. எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. நேரம் இல்லாவிட்டால் கடைசிக் கேள்வி ஒன்றே போதும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்காத தாயிடம் அதைக் கேட்டுப் பார்த்தால், மருந்தால் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது, பள்ளியில் அதை மந்தம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பதில் வரலாம். அந்தப் பயத்துக்கு எந்தத் தேசமும் இல்லை. மருந்தின் அளவை மாற்றினால் தீரும்.

ஆனால் கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும். இத்துறையில் நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலே வைப்பது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் 2003-இல் வந்த ஆய்வொன்று, ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டது. ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள் இருந்தன. அவற்றில் 63 விழுக்காடு குழந்தையின் உடல்நிலையைப் பாதிக்கக்கூடியவை. முகத்துச் சொறிக்கு மட்டும் பூச வேண்டிய களிம்பை உடம்பு முழுவதும் பூசச் சொன்னது ஒன்று. காது வலிக்கு வாயில் கொடுக்க வேண்டிய அமாக்சிசிலினை இரண்டு காதிலும் விடச் சொன்னது இன்னொன்று. கையில் அகப்பட்டவரை மொழிபெயர்க்க வைத்தபோது தீங்கான பிழைகளின் பங்கு இன்னும் கூடியது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையை அழைத்து உட்காரவைப்பது இதில் மிக மோசமானது. அவசரநிலை தவிர, சிறுவரை மொழிபெயர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2016 முதல் மத்திய விதியே இருக்கிறது. பதினொரு வயதுச் சிறுமி தன் தாயின் கருச்சிதைவைப் பற்றியோ தம்பியின் இரத்தப் புற்றுநோயைப் பற்றியோ தன் வாயால் சொல்ல வேண்டிவந்தால், அவள் சொல்லாமல் விழுங்கியதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. பர்மாவிலிருந்து வந்த கரேன் குடும்பத்துக்குப் பர்மிய மொழிக்காரரை அழைத்துவைப்பது எங்கும் நடக்கிறது. அந்த மொழி அவர்களுக்கு ஓரளவு புரியும், ஆனால் அவர்களை ஊரைவிட்டு விரட்டிய இராணுவத்தின் மொழியும் அதுதான் என்பதை யோசிக்க வேண்டும். கரேன் மொழியிலேயே ஸ்காவ், ப்வோ என்ற பிரிவுகள் உண்டு. ஊர் சிறியதானால், மொழிபெயர்ப்பவரும் நோயாளியும் ஒரே பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். அப்போது வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசி வழியே பெயர் சொல்லாமல் மொழிபெயர்ப்பவரை அமர்த்தலாமா என்று குடும்பத்தைக் கேட்டுவிடுவது நல்லது. பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அந்த அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லாமல், தாயையே பார்த்துப் பேசுங்கள். முடிவில் புரிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லா மொழியிலும் அதற்கு ஆம் என்பதுதான் பதில். மருந்து பாட்டிலையும் அளவு குறித்த ஊசியில்லாச் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, இன்றிரவு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து மில்லிக்குப் பதில் சோறு பரிமாறும் கரண்டி அளவு மனதில் இருந்தது அப்போதுதான் வெளிவரும்.

முதல் பரிசோதனை வந்த 90 நாளுக்குள் நடக்க வேண்டும். அதில் என்னென்ன சோதனைகள் என்பது உங்கள் மருத்துவமனையின் அட்டவணையில் இருக்கும். அட்டவணை சொல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அகதிக் குழந்தைகள் பலரின் பிறந்தநாள் சனவரி 1 என்று இருப்பதைக் காண்பீர்கள். பதிவேடு இல்லாத இடத்தில் எழுத்தர் போட்ட தேதி அது. உண்மையில் ஆறு வயதான பிள்ளை காகிதத்தில் நான்காக இருந்தால் வளர்ச்சி வரைபடம், பள்ளி வகுப்பு, பருவமடையும் வயது பற்றிய கவலை எல்லாமே தவறிப்போகும். பல்லைப் பாருங்கள், அந்த ஊரில் எந்த மழைக்காலத்தில், எந்தச் சண்டைக்கு முன் பிறந்தது என்று கேளுங்கள். எத்தியோப்பியத் தடுப்பூசி அட்டையில் உள்ள ஆண்டு நம் ஆண்டைவிட ஏழெட்டுக் குறைவாக இருக்கும். ஆப்கானிய அட்டையில் 1400 என்று கண்டால் அது 2021-இல் தொடங்கிய ஆண்டு. இவை தெரியாமல் அட்டை போலி என்று ஒதுக்கி எல்லா ஊசிகளையும் மறுபடி போட்டவர்கள் உண்டு. பர்மா, தாய்லாந்துப் பகுதிக் குழந்தைகளுக்குச் சிவப்பணு சிறுத்திருந்தால் ஹீமோகுளோபின் ஈ என்ற மரபுக்கூறு இருக்கிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான்.

தோலில் தெரியும் தடங்களுக்கு வருவோம். வியட்நாமியர், லாவோஸ் முதலிய நாடுகளின் மலைவாழ் மக்களான ஹ்மாங், கம்போடியர் ஆகியோர் காய்ச்சலுக்குத் தைலம் தடவி நாணயத்தால் முதுகைச் சுரண்டுவது உண்டு. முதுகெலும்புக்கு இருபுறமும் கோடு கோடாகச் சிவந்திருக்கும். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பிட்டத்தில் பிறவியிலேயே நீலமாக இருக்கும் திட்டும் அடிபட்ட காயம்போலத் தெரியும். இவற்றைப் பார்த்துக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போன குடும்பங்கள் மறுபடி மருத்துவமனைப் பக்கம் எளிதில் வருவதில்லை. மணிக்கட்டில் கட்டிய வெள்ளை நூல் ஹ்மாங் மக்களுக்கு ஆன்மாவை உடம்போடு கட்டிவைப்பது. அரைஞாணை மருத்துவமனையில் கத்தரித்துவிட்டுக் கையில் கொடுத்தால் நம் வீட்டுப் பாட்டிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குத் தடையாக இருந்தாலொழிய அதை அவிழ்க்கத் தேவையில்லை, அவிழ்த்தே ஆக வேண்டுமானால் குடும்பத்தாரிடம் சொல்லி அவர்கள் கையாலேயே அவிழ்க்க விடலாம். கலிஃபோர்னியாவின் மெர்செட் நகர மருத்துவமனை ஹ்மாங் பூசாரிகள் நோயாளிகளின் அறைக்கு வந்து சில சடங்குகளைச் செய்ய எழுத்துபூர்வமான விதியே வகுத்து, அவர்களுக்கு அறுவை அரங்கையும் நுண்ணோக்கியையும் சுற்றிக் காட்டும் பயிற்சியையும் நடத்தியிருக்கிறது.

இந்த மதிப்புக்கு எல்லையும் உண்டு. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சிதைப்பது அமெரிக்காவில் குற்றம். ஊருக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போய் அங்கே செய்வதும் குற்றம். இதைப் பண்பாடு என்று சொல்லி விலக முடியாது. ஆனால் அந்தப் பேச்சைப் பயணத்துக்கு முந்தைய வாரம் எடுக்காமல், தாய் பிரசவத்துக்கு வந்த காலத்திலிருந்தே, அவர் பட்ட துன்பத்தைக் கேட்டபடி எடுத்தால் தாயே மகளுக்குக் காவலாக நிற்பார்.

மனநலத்தைப் பற்றி ஒன்று மட்டும். முதல் சந்திப்பிலேயே அங்கே என்னென்ன பார்த்தாய் என்று பிள்ளையிடம் தோண்டிக் கேட்க வேண்டாம். தூக்கம், படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குப் போகும் காலையில் மட்டும் வரும் வயிற்று வலி, விளையாட்டு ஆகியவற்றை எந்தக் குடும்பமும் கூச்சமின்றிப் பேசும். பெற்றோர் அறிந்தது வேறு, பிள்ளை அறிந்தது வேறு என்பதால் வளர்ந்த பிள்ளையைத் தனியாகவும் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பயம். மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 சனவரியில் விலக்கப்பட்டது. முறைப்படி வந்த அகதிகளும்கூட, உறவினர் யாராவது பிடிபடுவார்களோ என்று முகவரி சொல்லத் தயங்குகிறார்கள். தொடர்ந்து இரண்டு முறை வராத குடும்பத்தை ஒத்துழைக்காதவர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுமுன், அவர்கள் மொழியிலேயே ஒருவரைவிட்டுத் தொலைபேசியில் கேளுங்கள். காணொளி வழியாகப் பார்க்க முடிவதையும், பள்ளி மருத்துவ அறையில் ஊசி போட முடிவதையும் சொல்லுங்கள். சிகிச்சைக்குத் தேவைப்படாத குடியேற்ற நிலையைக் குறிப்பேட்டில் எழுதவே எழுதாதீர்கள். முந்தைய மருத்துவர் எழுதியிருந்தால், அதை உங்கள் குறிப்பில் நகலெடுத்து ஒட்டாமல் விடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.